கொள்ளுத்தாத்தாவுக்கு எந்த நாளில் திதி?

எங்கள் வீட்டில் இறந்த பெரியவர்கள் எல்லோருக்கும் அவரவர் திதியில் படையல் உண்டு. என் அப்பாயியின் அப்பாவுக்கு மட்டும் கிடையாது. இறந்த நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் கொடுப்பது வழக்கம் என்பதால் அவருக்கு அன்றோடு சரி. சின்ன வயதில் காரணம் கேட்டால், "சயாமுக்கு ரயில் போடப் போனவரு, திரும்பல" என்று ஒரே வரியில் முடித்து விடுவார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு வரலாறு இருக்கிறது என்பது தேட ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது.

கையில் இருந்தவை மூன்றே தகவல்கள். 1937இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போனார், ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினார். அப்போது அப்பாயி கைக்குழந்தை. இரண்டாவது, பழைய தகரப் பெட்டியில் கிடந்த 1941ஆம் வருடத்து மணியார்டர் துண்டு. அதற்குப் பிறகு பணமும் இல்லை, கடிதமும் இல்லை. மூன்றாவது, அதே தோட்டத்திலிருந்து 1946இல் ஊர் திரும்பிய ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னது: "மழை பிடிச்ச கொஞ்ச நாள்ல வாந்திபேதி வந்துச்சு. ரெண்டே நாள். ஆத்தோரமா குழி வெட்டி, நெறய பேரோட சேத்துப் போட்டு மூடினோம்." ஒன்பது வயதில் கேட்டதை அப்பாயி இன்றும் அப்படியே சொல்கிறார்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மாவில் இருந்த தங்கள் படைக்குத் தரைவழியாகப் பொருள் அனுப்ப, தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட முடிவு செய்தார்கள். வேலை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. 60,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் இதில் வேலை செய்தார்கள், 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். 1957இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படம் சொல்வது இந்தக் கைதிகளின் கதையைத்தான்.

ஆனால் அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக ஆசியத் தொழிலாளர்கள் அங்கே இருந்தார்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், மலாயாத் தோட்டத் தமிழர் என்று ஏறக்குறைய 2 லட்சம் பேர். தினம் ஒரு வெள்ளி கூலி, மூன்று மாதத்தில் திரும்பி விடலாம் என்று ஆசை காட்டியும், பிறகு வலுக்கட்டாயமாகவும் கூட்டிப் போனார்கள். அவர்களில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. மருந்தும் போதவில்லை, மருத்துவரும் போதவில்லை.

இங்கேதான் திண்ணையில் சொன்ன பேச்சு கைகொடுத்தது. மலாயாவிலிருந்து தமிழர்களைப் பெருமளவில் ஏற்றிப் போனது 1943இல். அந்த வருடம் மே மாதம் பருவமழை தொடங்கியதோடு காலராவும் முகாம்களில் பரவியது. பாதையின் பெரும்பகுதி குவாய் நொய் ஆற்றை ஒட்டியே போகிறது. மழை, வாந்திபேதி, ஆற்றோரம், மூன்றும் பொருந்துகின்றன. அப்படியானால் அவர் இறந்தது 1943 வைகாசி, ஆனி வாக்கில்!

அடுத்து, புதைத்த இடம். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். முகாமில் இருந்த கைதிகளே ஜப்பானியருக்குத் தெரியாமல் யார் எங்கே புதைக்கப்பட்டார் என்று குறித்து வைத்தார்கள். 1945இல் போர் முடிந்ததும் அந்தக் குறிப்புகளை வைத்துக் காட்டுக்குள் போய்த் தேடி, 10,000க்கும் மேற்பட்ட புதைகுழிகளைக் கண்டுபிடித்தார்கள். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் இணையத்தில் பெயரைத் தட்டினால் கல்லறை வரிசை எண்ணே வந்து விடுகிறது. என் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்படிக் குறித்து வைக்க யாரும் இல்லை. தொழிலாளர்களுக்கென்று காஞ்சனபுரியில் ஒரு புத்த விகாரை வளாகத்தில் எழுப்பிய பொது நினைவுச்சின்னம் இருக்கிறது. 1990இல் அதே ஊரில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஆசியத் தொழிலாளர்களுடையவை என்று கருதப்பட்டது. பெயர் எதற்கும் இல்லை.

கொள்ளுப்பாட்டி இதை ஒருநாளும் நம்பவில்லை. "அவரு பொணத்த யாரு பாத்தா?" என்று கேட்டுவிட்டுக் கடைசி வரை தாலியோடும் பொட்டோடும் இருந்தார். ஊர் என்னென்னவோ பேசியது. ஒரு சாவுக்குச் சான்று இல்லாமல் போனால் அந்தப் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதற்கு அவரைவிட வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தேடியதை எல்லாம் சொல்லி முடித்ததும் அப்பாயி கொஞ்ச நேரம் பேசவில்லை. கல்லறை இல்லை என்பதைவிட மாதம் தெரிந்ததுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டது. "அப்ப ஆனி அமாவாசைன்னு வச்சுக்குவோம்யா. ஒரு நாளாவது அவருக்குன்னு இருக்கட்டும்" என்றார். அந்த வருடமே ஆனி அமாவாசையன்று தனியாக ஒரு இலை போட்டோம்.

தஞ்சை, நாகைப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் இப்படி "திரும்பல" என்று முடிந்துபோன ஒரு வரி இருக்கும். உங்கள் வீட்டில் இருந்தால், சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். மழை, ஆறு, என்ன காய்ச்சல், எந்தத் தோட்டம்... எதையும் சின்ன விஷயம் என்று விட்டு விடாதீர்கள். எங்களுக்கு மாதத்தைச் சொன்னது எந்த அலுவலகப் பதிவேடும் அல்ல, ஒரு திண்ணைப் பேச்சுதான்.