டிசம்பர் 25: நாளும் நற்செய்தியும்

கிறிஸ்து பிறந்த நாளைத் திருமறை கூறவில்லை. அங்ஙனமிருக்க, புறச்சமயத்தாரின் சூரியத் திருநாளையன்றோ நாம் ஆசரிக்கிறோம் என்னும் வினா, திருவருகைக் காலந்தோறும் சபையாரிடையே எழுகின்றது. விடை பகர வேண்டிய போதகர் வரலாற்றை அறிந்திருத்தல் அவசியம்.

ஆதித் திருச்சபையின் தலையாய திருநாள் உயிர்த்தெழுதலே. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன், திருமறையில் தம் பிறந்த நாளைக் கொண்டாடியோர் பார்வோன், ஏரோது போன்றோரே எனச் சுட்டிக்காட்டினார். டிசம்பர் 25-க்கு ஐயமற்ற மிகப் பழைய சான்று, ரோமாபுரியில் 354-இல் தொகுக்கப்பட்ட நாட்காட்டியில் உள்ளது. அதிலுள்ள பட்டியல் 336-ஐச் சார்ந்தது என்பர் அறிஞர்.

இந்நாள் தெரிந்துகொள்ளப்பட்டதற்கு இரு விளக்கங்கள் உள. பேரரசன் அவுரேலியன் 274-இல் சூரிய வழிபாட்டுக்கு அரச ஆதரவளித்தான். அத்திருநாளுக்கு எதிராகச் சபை தன் திருநாளை நிறுவியது என்பது ஒன்று. ஆண்டவர் மரித்த மார்ச் 25-ஆம் நாளிலேயே அவர் கருவில் உருவானார் எனக் கொண்டு, ஒன்பது மாதங்களைக் கூட்டிக் கணித்தனர் என்பது மற்றொன்று. அகஸ்தீன் இக்கணக்கைக் குறிப்பிடுகின்றார். அறிஞர் இன்றும் ஒருமனப்படவில்லை. ஆகவே, இவற்றுள் ஒன்றையே முடிந்த முடிபாகப் பிரசங்கபீடத்தில் முழங்குதல் தகாது.

நாளைக் காட்டிலும் காலம் நம் சிந்தனைக்குரியது. குமாரன் படைக்கப்பட்டவரே என்ற ஆரியுவின் போதனையை 325-இல் நிசேயா சங்கம் மறுத்தது. அப்போராட்டம் ஓயாத நூற்றாண்டிலேயே இத்திருநாள் பரவிற்று. நிசேயா விசுவாசத்துக்காக வாதாடிய நசியான்சு கிரெகரி, 380-ஐ ஒட்டிக் கொன்ஸ்தாந்திநோப்பிளில் இத்திருநாளில் பிரசங்கித்தார். 386-இல் அந்தியோகியாவில் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தம், இந்நாள் தம்மவருக்கு அறிமுகமாகிப் பத்தாண்டுகள்கூட ஆகவில்லை என்றார். அர்மேனியத் திருச்சபையோ இன்றும் ஜனவரி 6-ஆம் நாளையே ஆசரிக்கின்றது. நாள் வேறாயினும், தேவகுமாரன் மெய்யாகவே மனிதரானார் என்ற அறிக்கை ஒன்றே.

சூரியனைப் பற்றிய அச்சம் அன்றும் ஆதாரமற்றதாயிருக்கவில்லை. ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரோமாபுரியின் அத்தியட்சராயிருந்த லியோ, கிறிஸ்து பிறப்புப் பிரசங்கம் ஒன்றில் மனவேதனையோடு ஒன்றைக் கூறுகின்றார். கிறிஸ்தவர் சிலர் பரிசுத்த பேதுரு ஆலயத்தின் படிகளில் ஏறியபின், திரும்பி நின்று உதிக்கும் சூரியனை வணங்கினராம். அவர் அவர்களைக் கடிந்துகொண்டார். ஆயினும் திருநாளை நீக்கவில்லை. மெய்த் தேவனும் மெய் மனிதருமானவரை முன்னிலும் தெளிவாகப் போதித்தார். அவர் 449-இல் எழுதிய நிருபத்தை 451-இல் கூடிய கல்கெதோன் சங்கம் ஏற்றுக்கொண்டது.

நமக்கும் இதுவே வழி. விடியற்கால ஆராதனைக்குப் புத்தாடையணிந்து வருவோரில் பலர், அடுத்த ஆண்டுவரை ஆலயத்தை நாடாதவராயிருக்கலாம். அவர்களைப் பழிப்பதாலோ, நாளின் தோற்றத்தை ஆராய்ந்து காட்டுவதாலோ பயனில்லை. தேவன் நம் ஏழ்மையைத் தமதாக்கிக்கொண்டார் என்பதை அன்று அவர்கள் கேட்டுச் செல்கிறார்களா? இதற்குப் போதகரே கணக்கொப்புவிக்க வேண்டும்.