பெயர் பொறிக்காத வாள்: தெலுங்கனூர் இரும்பின் வயது

சேலம் மாவட்டத்தில் மேட்டூருக்கு அருகே உள்ள ஊர் தெலுங்கனூர். அங்கே பெருங்கற்கால ஈமச்சின்னம் ஒன்றிலிருந்து இருபுறமும் கூர் கொண்ட இரும்பு வாள் ஒன்று கிடைத்தது. அதில் எழுத்து இல்லை, முத்திரை இல்லை, செய்த கொல்லனின் பெயரும் இல்லை. அப்படியானால் அதன் காலத்தை எப்படிக் கண்டறிவது?

பெயரில்லாத வாளின் வயதைக் காண்பது உலகெங்கும் உள்ள சிக்கல்தான். ஜப்பானியக் கொல்லர்கள் கைப்பிடிக்குள் மறையும் அடிப்பகுதியில் தங்கள் பெயரை வெட்டுவது வழக்கம். ஆனாலும் பெயரில்லாத குறுவாள்கள் அங்கும் ஏராளம். வல்லுநர்கள் அடிப்பகுதியின் துரு, அரம் பட்ட தடம், அலகின் வடிவம், கூரின் ஓரமாக ஓடும் அலைக்கோடு ஆகியவற்றைப் பார்த்து, இன்ன காலம், இன்ன பரம்பரை என்று சொல்லிவிடுவார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பெயரும் ஆண்டும் பொறித்த வாள்கள் அங்கே நிறைய இருப்பதால்தான் இது முடிகிறது.

தமிழகத்துப் பெருங்கற்கால வாள்களுக்கு அந்த வசதி இல்லை. ஆண்டு பொறித்த வாள் ஒன்றுகூடக் கிடையாது. போதாக்குறைக்கு, ஆயிரக்கணக்கான ஆண்டுத் துரு மேற்பரப்பின் அடையாளங்களைத் தின்றுவிட்டிருக்கும்.

பக்கத்தில் இருப்பதன் வயது

வழக்கமான வழி, பொருளோடு கிடைத்தவற்றைக் கொண்டு காலத்தைச் சொல்வது. உடன் இருந்த கறுப்பு-சிவப்புப் பானைகள், கல்லறையின் அமைப்பு, மண்ணடுக்கில் கிடைத்த கரித்துண்டு ஆகியவை சாட்சிகள். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டது இந்த முறையில்தான். இதில் கவனம் தேவை. கரியும் இரும்பும் ஒரே காலத்தில் மண்ணுக்குள் போயின என்பதை அகழாய்வு செய்தவர்கள் நிறுவ வேண்டும். எலி வளையோ மரவேரோ மண்ணைக் கலைத்திருந்தால் கணக்கு தவறிவிடும்.

உள்ளே இருப்பதன் வயது

தெலுங்கனூர் வாளில் வேறு வழி இருந்தது. எஃகு என்பது இரும்போடு சிறிதளவு கரிமம் சேர்ந்தது. பழங்கால உலையில் அந்தக் கரிமம் விறகுக்கரியிலிருந்து வந்தது. விறகு, உயிருள்ள மரமாக இருந்தபோது காற்றிலிருந்து கரிமம்-14ஐ எடுத்துக்கொண்டது. மரம் வெட்டப்பட்டதும் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். 5,730 ஆண்டுகளில் கரிமம்-14 பாதியாகக் குறையும். ஆகவே கொல்லன் பெயர் பொறிக்காவிட்டாலும், அவன் எரித்த மரம் வாளுக்குள் தேதி எழுதிவைத்திருக்கிறது!

இரும்பை இப்படிக் காலக்கணிப்பு செய்யலாம் என்று வான் டெர் மெர்வே 1960களிலேயே காட்டினார். அப்போது அதற்கு நிறைய இரும்பைக் கரைக்க வேண்டியிருந்தது. பின்னர் வந்த முடுக்கி நிறமாலை முறைக்கு ஒரு மில்லிகிராம் கரிமமே போதும். நூற்றுக்கு ஒரு பங்கு கரிமம் உள்ள எஃகில் ஒரு கிராம் எடுத்தால் 10 மில்லிகிராம் கரிமம் கிடைக்கும். மென்மையான தேனிரும்பில் அதில் இருபதில் ஒரு பங்குகூடக் கிடைப்பது அரிது. தெலுங்கனூர் வாள் உயர்கரிம எஃகு என்பதால் காரியம் எளிதாயிற்று.

கொரியாவின் ஜாங்-சிக் பார்க், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கா. ராஜன் உள்ளிட்டோரின் இந்த வாள் பற்றிய ஆய்வு 2020இல் வெளியானது. கிடைத்த காலம் கி.மு. 1435 முதல் 1233 வரை. அதாவது வாளிலுள்ள கரிமம்-14இல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இன்னும் மிச்சமிருக்கிறது. அதே மேட்டூர்ப் பகுதியிலுள்ள மாங்காட்டு இரும்புக்குக் கி.மு. 1604 முதல் 1416 வரை என்று வந்தது. 2025இல் தமிழக அரசு வெளியிட்ட இரும்பின் தொன்மை குறித்த அறிக்கையிலும் இந்தக் காலங்கள் இடம்பெற்றன.

இந்த முறைக்கும் பொறிகள் உண்டு. பழைய இரும்பையும் புதிய இரும்பையும் சேர்த்து அடித்தால் இரண்டுக்கும் நடுவான வயது காட்டும். நெடுநாள் வாழ்ந்த மரத்தின் உள்வயிரத்தை எரித்திருந்தால் வயது கூடும். நிலக்கரியில் கரிமம்-14 முற்றிலும் அழிந்துபோனதால், இக்காலத்து ஆலை எஃகில் செய்த போலி வாள் பல்லாயிரம் ஆண்டுப் பழமை காட்டும். அந்த அபத்தமே போலியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறந்த ஊர்

காலம் தெரிந்தால் பிறந்த ஊர் தெரிந்துவிடாது. ஆனால் சூழ்நிலைச் சாட்சி வலுவானது. சேலத்தை அடுத்த கஞ்சமலையில் காந்தத்தன்மை கொண்ட இரும்புத்தாது நிறைந்திருக்கிறது. 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தியதும் சேலத்துத் தாதைக் கொண்டுதான். சேலத்துக் கொல்லர்கள் இரும்புத் துண்டோடு ஆவாரங்குச்சியையும் எருக்கிலையையும் மண்மூசைக்குள் அடைத்து உருக்கு செய்ததை அவரே எழுதியிருக்கிறார். மேற்கே நொய்யல் கரையில் கொடுமணலில் பழைய உலைகளே கிடைத்திருக்கின்றன. தாதும் விறகும் தொழிலறிவும் பக்கத்திலேயே இருந்த வட்டாரம் இது.

உழும்போதோ குழி தோண்டும்போதோ வெளிப்படும் துருப்பிடித்த இரும்பு, எடைக்குப் போடும் பழைய இரும்பாகத்தான் கண்ணுக்குத் தெரியும். அதைச் சுரண்டித் தேய்த்து எண்ணெய் பூசினால் வேற்றுக் கரிமம் சேர்ந்து கணக்கு குழம்பும். இடத்தை விட்டு எடுத்துவிட்டால் பானையும் கரியும் சொல்லும் சாட்சி போய்விடும். எடுக்காமல் தொல்லியல் துறைக்குச் சொன்னால், பெயரில்லாத அந்த இரும்பும் தன் வயதைச் சொல்லும்.