முனையத் திரையில் தமிழெழுத்து: ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தின் வந்தாறுமூலையில் 1981ஆம் ஆண்டு தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அவ்வூர்ப் பெயரைக் கணினியின் கட்டளை வரி முனையத்தில் எழுதுவோர், ஈற்றிலுள்ள ‘லை’ சிதைந்து தோன்றுவதைச் சில வேளைகளிற் காண்பர். லகரத்தின் இடப்புறம் நிற்கவேண்டிய ஐகாரக் குறி வலப்புறம் ஒதுங்கிநிற்கும். இக்குறை எழுத்தினதா, பொறியினதா என்பது ஆராயத்தக்கது.

முனையம் தொலைத்தட்டச்சுப் பொறியின் வழித்தோன்றல். தட்டச்சில் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவான இடமே உண்டு. 1963இல் வகுக்கப்பெற்ற ‘அஸ்கி’ குறிமுறையின் 128 இடங்களும் ஆங்கிலத்தை மனங்கொண்டே அமைந்தன. 1978இல் வெளிவந்த வி.ரி. 100 முனையம் வரிக்கு 80 கட்டங்களாக 24 வரிகளைக் காட்டியது. ஒரு குறிக்கு ஒரு கட்டம் என்பதே அதன் விதி.

அதே 1978இல், பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழிற் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டரசு ஏற்றது. துதிக்கை வடிவ லைகாரம் நீங்கி, குறியும் லகரமும் தனித்து நிற்கும் இன்றைய வடிவம் அரச வழக்காயிற்று. அச்சுக்கும் தட்டச்சுக்கும் அது இலகுவாயிற்று. ஆயினும் முனையச் சிக்கல் தீரவில்லை. 1991இல் வெளியான ஒருங்குறி, ஒலிமுறைப்படி லகரத்தை முன்னும் ஐகாரக் குறியைப் பின்னுமாகச் சேமிக்கின்றது. காட்டும்போது அவற்றை இடம்மாற்றிக் கோக்கவேண்டும். கட்டங்களை வரிசையாக நிரப்பமட்டும் அறிந்த முனையத்திற்கு அது இயலாது.

‘மட்டக்களப்பு’ என்னும் சொல்லில் எழுத்துகள் 8. ஒருங்குறிக் குறிகள் 12. 1992இல் உருவான யூ.ரி.எஃப்-8 முறையில் 36 பைட்டுகள். திரையில் அந்நியக் குறிகள் தோன்றின் குறிமுறை அமைப்புப் பொருந்தவில்லை என்பது பெறப்படும். வெறும் கட்டங்கள் தோன்றின் எழுத்துரு இல்லை. தமிழ் தோன்றியும் குறிகள் இடம்பெயரின், அன்றிச் சுட்டி விலகி நிற்பின், கட்டக் கணக்கே பிழை. அச்சொல்லை மட்டும் கோப்பிலிட்டு எண்ணி 36 பைட்டுகள் இருக்கக் காணின், எழுத்து அழியவில்லை எனத் துணியலாம்.

இதனை அறியாதோர் செம்மையான கோப்பை அழித்து மீள எழுதுவர். அன்றேல் தமிழைக் கைவிட்டு உரோம எழுத்தை நாடுவர். இழப்பு அங்கேதான் நேர்கின்றது. எழுத்தைக் கோத்துக் காட்டவல்ல முனையச் செயலிகள் சில இன்று உள. பொறிக்கு இசையத் தமிழெழுத்து ஒருமுறை உருமாறிவிட்டது. இனி எழுத்துக்கு இசைய வேண்டியது பொறியே.