உறுப்பினர் உடைமைப் பனிச்சறுக்கு விடுதிக் கழகங்கள்: ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும்

பனிச்சறுக்கு விடுதிக் கழகம் என்பது, மலைமீது வெண்பனி படிந்திருக்கும் மாதங்களில் தங்குவதற்கான கட்டடம் ஒன்றைக் கூட்டாக உடைமை கொண்டு, அதைத் தாமே பேணி நடத்தும் உறுப்பினர்களின் அமைப்பாகும். தமிழில் பனி என்னும் ஒரே சொல் மார்கழி விடியலின் ஈரத்தையும் இமயத்தின் உறைபனியையும் குறிப்பதால், சறுக்குவதற்கு உரிய உதிரிப் பனி இக்கட்டுரையில் வெண்பனி எனப்படுகிறது. இத்தகைய விடுதியில் முதலாளி, பணியாள், வாடிக்கையாளர் என்ற பிரிவு இல்லை. தங்குபவரே சமைத்து, தரை கூட்டி, புறப்படும் நாளில் கழிவறையையும் கழுவிவிட்டுச் செல்கிறார். உலகின் பல மலைநாடுகளில் இவ்வமைப்பு உண்டெனினும், தென்கோளத்தின் இவ்விரு நாடுகளில் அது அடைந்த பரவல் தனித்துக் கருதத் தக்கது.

இதன் மூதாதை ஐரோப்பாவின் மலையேற்றக் கழகங்கள். இலண்டனில் 1857இல் ஆல்பைன் கிளப் தோன்றியபின், 1862இல் ஆஸ்திரியாவிலும் 1863இல் சுவிட்சர்லாந்திலும் அவ்வகைக் கழகங்கள் எழுந்தன. சுவிஸ் கழகம் தொடங்கிய ஆண்டிலேயே தோடி மலையில் முதல் குடிலைக் கட்டி, கழகம் என்றால் மலைமேல் ஒரு கூரையும் வைத்திருக்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு வித்திட்டது. ஆனால் ஆல்ப்ஸ் குடில்களில் பலவற்றைக் குடில்காப்பாளர் ஒருவர் நடத்தி, வழிப்போக்கருக்கும் உணவும் படுக்கையும் விற்றுவந்தார்; தென்கோளக் கழகங்களோ காப்பாளரை விட்டுவிட்டு, அவர் வேலையை உறுப்பினர்களுக்கே பங்கிட்டுக் கொடுத்தன.

ஆஸ்திரேலியாவில் பனிச்சறுக்கு விளையாட்டாக வரவில்லை, தங்கவேட்டையின் பின்னால் வந்தது. நியூ சவுத் வேல்ஸின் கியாண்ட்ராவில் 1859இல் தங்கம் கிடைக்க, அங்கே திரண்டவர்களுள் இருந்த நார்வேக்காரர்கள் வேலிப்பலகைக்குப் பிளந்த மரத்தின் முனையை வளைத்துக் காலில் கட்டிக்கொண்டு 1861இல் சரிவுகளில் இறங்கினர். அக்காலத்தில் இப்பலகைக்கு வழங்கிய பெயர் பனிக்காலணி என்பதால், அங்கே தோன்றிய கழகமும் கியாண்ட்ரா பனிக்காலணிக் கழகம் எனப்பட்டது. அதுவே உலகின் முதல் சறுக்குக் கழகம் என்னும் உரிமைகோரலுக்கு நார்வேயின் டிரைசில் ஊர் அதே 1861ஐக் காட்டி எதிர்நிற்கிறது. கியாண்ட்ராவில் அவ்வாண்டு சறுக்கினர் என்பதற்குச் செய்தித்தாள் சான்று உண்டு. கழகம் முறையாக இயங்கியதற்கான உறுதியான பதிவுகளோ பிற்காலத்தவை. ஆகவே முதன்மைப் பட்டத்தைச் சற்றுத் தயக்கத்தோடுதான் வழங்க முடியும். ஊர் பின்னர் வெறிச்சோடியது. எஞ்சி நின்ற பழைய நீதிமன்றக் கட்டடமும் 2020 ஜனவரிக் காட்டுத்தீயில் எரிந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலையில் தங்குவதென்றால் அரசு கட்டிய பெருவிடுதிகளையே நம்ப வேண்டியிருந்தது. நியூ சவுத் வேல்ஸில் காஸியஸ்கோ ஓட்டல் 1909இலும், விக்டோரியாவில் மவுண்ட் பஃபலோ மாளிகை 1910இலும் திறக்கப்பட்டன. அவற்றைச் சூழ்ந்து கழகங்கள் பிறந்தன என்றாலும், வசதியுள்ளோர் போட்டிகள் நடத்தவும் மாலையில் விருந்துண்ணவும் கூடிய சங்கங்களாகவே அவை பெரும்பாலும் இருந்தன.

கூரையைத் தாமே எழுப்பும் வழக்கம் நியூசிலாந்தின் வடதீவில் முன்னதாகவே வேரூன்றியது. 2,797 மீட்டர் உயரமுள்ள எரிமலையான ருவாபெஹுவில், பில் மீட், பெர்னார்ட் டிரேக் என்னும் இருவர் 1913இல் சறுக்கிப் பார்த்த கையோடு ருவாபெஹு சறுக்குக் கழகம் நிறுவப்பட்டது. பத்தாண்டு கழித்து, 1923இல், அக்கழகம் எழுப்பிய கிளேசியர் குடில் இன்றும் சிறு அருங்காட்சியகமாக நிற்கிறது. அதன்பின் நகரங்களின் நடைப்பயணக் கழகங்களும் மலைமேல் இடம் தேடின; வெலிங்டனில் 1919இல் தொடங்கிய தரருவா நடைப்பயணக் கழகத்துக்கும் அங்கே விடுதி உண்டு. சாலை முடியும் இடத்தில், ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில், நாற்பதுக்கும் மேற்பட்ட கழக விடுதிகள் எரிமலைப் பாறைகளுக்கிடையே நெருங்கி நிற்கும் இவிகாவ் சிற்றூர் இவ்வாறு உருவாயிற்று.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் இரு நாடுகளிலும் விடுதிகள் பெருகியதற்கு வெண்பனியைவிடச் சனிக்கிழமையே பெரிய காரணம் எனலாம். நாற்பது மணிநேர வேலைவாரம் நியூசிலாந்தில் 1936இலும் ஆஸ்திரேலியாவில் 1948 முதலும் நடைமுறைக்கு வர, எழுத்தருக்கும் மின்பணியாளருக்கும் தொடர்ந்து இரண்டு நாள் ஓய்வு கிடைத்தது. கோடைகால வார இறுதிகளில் மலைக்குப் போய்ச் சிமெண்டு மூட்டையைத் தோளில் சுமந்து சுவர் எழுப்பிய தலைமுறை அதுவே. விக்டோரியாவின் ஃபால்ஸ் கிரீக்கில் முதல் விடுதியை 1948இல் கட்டியவர்கள் கீவா நீர்மின் திட்டத்தின் ஊழியர்கள். 1949இல் தொடங்கிய ஸ்னோயி மலைத் திட்டமோ ஐரோப்பாவிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளரை மலைக்கே கொண்டுவந்து சேர்த்தது. வியன்னாவில் பிறந்த சார்லஸ் ஆன்டன் ஆல்ப்ஸில் உள்ளதுபோல் குடிலுக்குக் குடில் சறுக்கிச் செல்லும் சங்கிலியொன்றைக் காஸியஸ்கோ மலைத்தொடரில் அமைக்க விரும்பி, 1950இல் சறுக்குப் பயணிகள் சங்கத்தைத் தொடங்கினார். பிற்கால ஆஸ்திரேலிய ஆல்பைன் கிளப் அதிலிருந்து வளர்ந்ததே. அச்சங்கத்தின் குனாமா குடிலை 1956இல் பனிச்சரிவு அடித்துச் செல்ல, உள்ளே இருந்தவர்களுள் ஒருவர் உயிரிழந்தார். அதற்கு அடுத்த ஆண்டு ஆன்டனும் டோனி ஸ்போனாரும் உள்ளிட்ட குழுவினரின் முயற்சியால் த்ரெட்போ ஊர் உருவாகத் தொடங்கியபின், தொலைதூரக் குடில்களின் காலம் மங்கி, இழுவைக்கயிறும் நாற்காலி ஏற்றியும் உள்ள ஊர்களில் விடுதிகள் குவிந்தன.

கழகத்தில் சேரும் முறையும் இக்கட்டுமானக் காலத்தின் தடத்தையே தாங்கியுள்ளது. வழக்கமான நடைமுறையில் விண்ணப்பதாரர் முதலில் ஓர் உறுப்பினரின் விருந்தினராகச் சில இரவுகள் தங்கி, பிறகு முன்மொழிபவர் ஒருவரும் வழிமொழிபவர் ஒருவரும் கையெழுத்திட, செயற்குழுவின் ஒப்புதலைப் பெறுகிறார். நுழைவுக் கட்டணம் ஒருமுறையும் சந்தா ஆண்டுதோறும் செலுத்தப்படும். சில கழகங்கள் இவற்றோடு பங்கு அல்லது கடன்பத்திரம் வாங்கவும் கோருகின்றன. கடன்பத்திரம் என்பது கட்டடச் செலவுக்காகக் கழகத்துக்கு உறுப்பினர் தரும் கடனுக்கான சான்று. விலகும்போது அதைத் திருப்பிக் கொடுப்பதா, புதியவருக்கு விற்பதா என்பதைக் கழக விதிகளே தீர்மானிக்கும். பங்கு எனினும் அது நிலத்தின் பங்கு ஆகாது. குறிப்பிட்ட படுக்கையோ அறையோ எவருக்கும் சொந்தமில்லை. கிடைப்பது, முன்பதிவில் முன்னுரிமையும் உறுப்பினர் கட்டணத்தில் தங்கும் உரிமையும் பொதுக்குழுவில் ஒரு வாக்குமே. வெளிநாட்டில் வாழ்பவர் சேரப் பொதுவாகத் தடையில்லை. சில கழகங்களில் தொலைவில் வாழ்வோருக்குக் குறைந்த சந்தாவும் உண்டு. ஆனால் பணத்தைவிட அவருக்கு இடர் தருவது உழைப்புக் கடமையாகும். கோடையில் விறகு பிளக்கவும் சாயம் பூசவும் நடத்தப்படும் உழைப்பு நாள்களுக்கு வராதவர் அதற்கு ஈடாகத் தொகை செலுத்தும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. அத்தொகையின் உயர்வே கழகம் சங்கத்தன்மையிலிருந்து சிக்கன ஓட்டலாக நகர்வதன் அளவுகோல் என்று கருத இடமுண்டு.

விடுதியின் உள்ளமைப்பும் ஏறக்குறைய எங்கும் ஒன்றே: காலணியும் மேலாடையும் காயவைக்கும் உலர்த்தும் அறை, அடுக்குக் கட்டில்கள், பலர் ஒரே நேரத்தில் நின்று சமைக்கும் நீண்ட அடுப்பங்கரை, அதன் சுவரில் அன்றைய வேலைப் பங்கீட்டுப் பலகை. வார இறுதிக்குப் பொறுப்பேற்கும் குடில் அலுவலர் ஊதியமற்ற உறுப்பினரே எனினும், யார் எந்தக் கட்டிலில், யார் பாத்திரத்தில் என்பதில் அவர் சொல்லே முடிவு.

தென்தீவின் கான்டர்பரியில் இந்தக் கொள்கை விடுதியோடு நில்லாமல் சறுக்குத்தளத்துக்கே நீண்டது. கிரேகிபர்ன், புரோக்கன் ரிவர், டெம்பிள் பேசின் முதலிய தளங்களில் இழுவைக்கயிறும் கழகங்களுக்கே உரியது. நட்கிராக்கர், அதாவது பாக்குவெட்டிபோல் மடங்கும் உலோகப் பிடி, சறுக்குபவரின் இடுப்புவாரில் தொங்கும். ஓடும் கயிற்றை அதனால் கவ்விப் பிடித்தால் கயிறு அவரை மேலே இழுத்துச் செல்லும். நாற்காலி ஏற்றியின் செலவில் ஒரு சிறு பகுதியே இதற்கு ஆவதால், சில நூறு உறுப்பினர்கள் ஒரு மலைச்சரிவை நடத்துவது இயலுவதாயிற்று.

மலையின் ஆபத்து கழகங்களை அவ்வப்போது உலுக்கியது. 1997 ஜூலை 30 இரவு, த்ரெட்போவில் மேலிருந்த சாலையோரம் சரிந்து, கரினியா விடுதி கீழிருந்த பிம்படீன் விடுதிமேல் விழ, 18 பேர் இறந்தனர். ஒருவர் மட்டும் ஏறத்தாழ 65 மணிநேரத்துக்குப்பின் மீட்கப்பட்டார். உறுதியற்ற மண்ணால் நிரப்பிய சாலைச் சரிவில் கசிந்த நீர்க்குழாயே காரணமென 2000இல் மரண விசாரணை முடிவு கூறியது. அதுமுதல் அம்மலை ஊர்களில் கட்டட மாற்றம் கோருவோர் நிலவியல் மதிப்பீட்டைத் தர வேண்டியதாயிற்று. ருவாபெஹுவில் 1995, 1996 வெடிப்புகள் சறுக்குப் பருவங்களைக் குலைத்தன. சூடான சேறும் பாறையும் பாயும் லகாருக்கு எச்சரிக்கை ஒலித்தால் பள்ளத்தை விட்டு முகட்டுக்கு ஏற வேண்டும் என்பது அங்கு விடுதிக்காரர் எவரும் அறிந்த பாடம்.

பொருளாதார இடர் வேறு திசையிலிருந்து வந்தது. விடுதி கழகத்துடையது எனினும், அதன் பயன் அருகிலுள்ள ஏற்றிகளைச் சார்ந்தது. ருவாபெஹுவின் ஏற்றிகளை நடத்த 1953இல் அமைந்த, இலாபத்தைப் பங்கிடாத நிறுவனம், பெருந்தொற்றுக்கும் வெண்பனி குன்றிய பருவத்துக்கும் பின் 2022 அக்டோபரில் நொடித்தது. 1929 முதல் அடிவாரத்தில் நின்ற டோங்காரிரோ பெருவிடுதியும் 2023 பிப்ரவரியில் மூடப்பட்டது. மலையின் தென்புறத்து டுரோவா தளம் 2024இல் தனியார் கைக்கு மாறியது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் நிலத்தின் கேள்வி கிடக்கிறது. கழகங்களின் கட்டடங்கள் பெரும்பாலும் தேசியப் பூங்காவிலோ அரசு நிலத்திலோ குத்தகைக்கோ உரிமத்துக்கோ உட்பட்டு நிற்பவை; த்ரெட்போவில் ஊர் முழுவதும் ஒரு நிறுவனத்தின் தலைமைக் குத்தகையில் இருக்க, கழகங்கள் உட்குத்தகைதாரர்களாக உள்ளன. ருவாபெஹுவை உள்ளடக்கிய டோங்காரிரோ தேசியப் பூங்காவின் சிகரங்களை ங்காத்தி தூஃபரேதோவா என்னும் மாவோரிக் குலத்தின் தலைவர் தே ஹெயுஹெயு துக்கினோ 1887இல் அரசுக்குக் கொடையளித்தார் என்பது நெடுங்காலப் பாடம். அது கொடை அன்று, மலையைக் கூட்டாகக் காக்க விடுத்த அழைப்பு என மாவோரிகளின் கோரிக்கைகளை விசாரிக்கும் வைத்தாங்கி தீர்ப்பாயத்தின் 2013 அறிக்கை கண்டது. அதன்படி நிலத்தின் உரிமைவடிவம் மாறினால், இவிகாவின் உரிமங்களை யார் தருவார் என்பதும் மாறும். குத்தகை நீட்டிக்கப்படாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு ஆன்டனின் சங்கம் 1951இல் எழுப்பிய ஆல்பினா ஏரி விடுதி சான்று: ஏரியின் சூழலைக் காக்கும் பொருட்டு 1983இல் அது பிரித்தெடுக்கப்பட்டது, தோளில் சுமந்து ஏற்றிய கல்லும் மரமும் போய், அங்கே இப்போது புல் மூடிய சரிவும் பனிப்பாறை குடைந்த ஏரியுமே உள்ளன.