தோளுக்கு ஏறிய வயலின்

எமது காலத்தில் வயலின் என்றால் சம்மணமிட்டு, அதன் தலையைக் காலில் ஊன்றி வாசிப்பதுதான். 1931இல் உருவான வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்காக எத்தனை மாலைகள் சரளி வரிசை தேய்த்தோம்!

போருக்குப் பின் முல்லைத்தீவுக்கு அது வேறு வழியால், தோளில் ஏறி வந்தது. வெனிசுவேலாவில் 1975இல் அப்ரேயு தொடங்கிய 'எல் சிஸ்தெமா'வை முன்மாதிரியாகக் கொண்ட 'மியூசிக் புரொஜெக்ட்', எம் பிள்ளைகளையும் குருநாகல் பிள்ளைகளையும் ஒரே வாத்தியக் குழுவில் இருத்தியது. ஒருபுறம் தமிழ், மறுபுறம் சிங்களம். இருபுறமும் ஒன்றாக வாசித்தது ஐந்துகோட்டு இசைக்குறிப்பை.

குழுவில் பிழைவிட்டால் பக்கத்துப் பிள்ளை தாங்கும். தனிவாசிப்பில் யார் தாங்குவது? அதற்கு வீட்டில் நாள்தோறும் பழகச் சொந்த வயலின் வேண்டும். நூற்றாண்டு நிதியில் நாலைந்து வாங்கி, இரவல் கொடுத்தால் என்ன?