பாரமும் சக்கரமும்: தேரிலிருந்து 240 டயர் டிரெய்லர் வரை

காஞ்சிபுரத்தில் வைகாசி மாதம் வரதராஜப் பெருமாள் தேர் ஓடும்போது எல்லோர் கண்ணும் வடம் பிடிப்பவர்கள் மீது இருக்கும். ஆனால் தேரின் பாதுகாப்பு சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டை போடுபவர்கள் கையில்தான் இருக்கிறது. இழுப்பதற்கு ஆள் கூட்டலாம். தாங்க வேண்டியது சக்கரமும் அச்சும்தான். அதனால்தான் சுமார் 300 டன் எடையுள்ள திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது.

மரச்சக்கரத்துக்குப் பின் வந்தது காற்றடைத்த டயர். 1845-ல் ராபர்ட் தாம்சன் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1888-ல் டன்லப் அதைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தார். சென்னையில் 1946-ல் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1961-ல் டயர் தயாரிப்பில் இறங்கியது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரகடத்திலேயே 2010-ல் அப்போலோ டயர் தொழிற்சாலை வந்தது.

டயரில் உள்ள எண் சொல்வது என்ன?

லாரி டயரின் பக்கவாட்டில் 146/143 என்பது போல ஓர் எண் இருக்கும். இதில் 146 என்றால் டயர் தனியாக இருக்கும்போது 3,000 கிலோ தாங்கும். 143 என்றால் இரண்டு டயர்கள் ஜோடியாக இருக்கும்போது ஒவ்வொன்றும் 2,725 கிலோ தாங்கும். ஜோடியில் இரண்டும் எப்போதும் சமமாகச் சுமப்பதில்லை என்பதால்தான் இந்தக் குறைவு. காற்று சரியாக இருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு செல்லும்.

இந்தியாவில் நான்கு டயர் உள்ள ஓர் அச்சுக்கு 10.2 டன் என்பதே நெடுங்காலம் வரம்பாக இருந்தது. மேற்சொன்ன டயர் நான்கு சேர்ந்தால் 10,900 கிலோ தாங்கும். எனவே கவலை இல்லை. 2018 ஜூலையில் மத்திய அரசு அந்த வரம்பை 11.5 டன்னாக உயர்த்தியது. இப்போது அதே நான்கு டயர்களுக்கு 600 கிலோ அதிகம்! ஜோடிக்கு 146 என்று எண் உள்ள டயர் மாட்டினால் 12,000 கிலோ வரை தாங்கும். சட்டம் அனுமதித்தது என்பதற்காக டயர் தாங்கிவிடாது.

கொரக்கோட்டையிலிருந்து பெங்களூருக்கு

அதே ஆண்டு டிசம்பரில் இதற்கு ஒரு பெரிய சோதனை வந்தது. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே வந்தவாசி அருகிலுள்ள கொரக்கோட்டையில் ஒரே கல்லில் செதுக்கப்பட்ட பெருமாள் சிலை, பெங்களூரு ஈஜிபுராவுக்குப் புறப்பட்டது. எடை சுமார் 350 டன். ஏற்றிய டிரெய்லருக்கு 240 டயர்கள்.

வகுத்துப் பார்த்தால் ஒரு டயருக்கு ஏறத்தாழ 1,460 கிலோதான் வருகிறது. டிரெய்லரின் சொந்த எடையைச் சேர்த்தாலும் சமாளிக்கலாம் போலத் தோன்றும். ஆனாலும் வழியில் டயர்கள் வெடித்தன. காரணம், வகுத்தல் கணக்கு காகிதத்தில் மட்டுமே சமம். தரை ஒரு பக்கம் இறங்கினால் சில டயர்கள் சுமையை இழக்கும், மற்றவை அந்தச் சுமையையும் சேர்த்து வாங்கும். ஒன்று வெடித்தால் அதன் பங்கு பக்கத்து டயர் மேல் ஏறும்.

டயருக்குப் பிறகு சாலை. வழியில் தடையாக இருந்த சில வீடுகள், கடைகளின் பகுதிகள் இடிக்கப்பட்டன. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பாலங்கள் இந்த எடையைத் தாங்குமா என்ற ஐயத்தால் ஆற்றுக்குள் தற்காலிக மண்சாலை போட வேண்டியிருந்தது. ஒரு லாரி ஓரிரு நாளில் கடக்கும் தூரத்துக்கு ஆறு மாதம் ஆயிற்று. 2019 ஜூனில்தான் சிலை பெங்களூருவை அடைந்தது.

இழுக்கும் வண்டியின் குதிரைத்திறன் எவ்வளவு என்று கேட்பவர்கள் அதிகம். டயர், அச்சு, இணைப்புக் கொக்கி, பாலம் ஆகியவற்றில் எது குறைவாகத் தாங்குமோ அதுதான் உண்மையான வரம்பு. டிராக்டருக்குப் பின்னால் நெல் மூட்டை டிரெய்லர் மாட்டும் விவசாயிக்கும் இதே கணக்குதான். மூட்டையை எண்ணுவதற்கு முன் டயரில் உள்ள எண்ணைப் படித்துவிட வேண்டும்.