நெட் ஏன் கட் ஆகிறது? – ஒரு சின்ன சரித்திரம்

வீட்டு இன்டர்நெட் விட்டு விட்டு வருகிறது என்று புலம்பாதவர் தாம்பரம் பக்கம் யாரும் இல்லை. இந்தப் புலம்பலுக்கும் வயது முப்பது ஆகிவிட்டது. வியாதி அதேதான், காரணம்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. முதலில் கிடைத்த பெருநகரங்களில் அன்றைய மெட்ராஸும் ஒன்று. மாணவர்களுக்கான மலிவுக் கணக்கில் எழுத்து மட்டும்தான் வரும், படம் கிடையாது. மோடம் கீச்சுக்கீச்சென்று கத்தி முடித்து இணைப்புக் கிடைத்தபின், உள் அறையில் யாராவது இன்னொரு போனை எடுத்தால் போச்சு! கால் வெயிட்டிங் வசதி வைத்திருந்தால் அந்த ஒரு 'பீப்' போதும். அன்று எதிரி பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

1998-இல் தனியாருக்கும் அனுமதி வந்தது. முதலில் இறங்கியது நம் சென்னையின் சத்யம் இன்ஃபோவே. தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. 2004-இல் மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை, விநாடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அது பிராட்பேண்ட் என்றது. இன்று பேரன்கள் கேட்டால் சிரிப்பார்கள். 2005 பொங்கல் சமயத்தில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் தொடங்கியது.

இங்கேதான் எதிரி வீதிக்கு வந்தார். டி.எஸ்.எல். என்பது பழைய டெலிபோன் செம்புக் கம்பியிலேயே பேச்சையும் டேட்டாவையும் சேர்த்து அனுப்பும் முறை. எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு தள்ளிப் போகப் போக சிக்னல் தேயும். நம் புறநகரில் மனைப்பிரிவுகள் எக்ஸ்சேஞ்சைக் கேட்டா முளைத்தன? அதோடு தெருமுனைப் பெட்டியில் மழைநீர் இறங்கும், இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறும். போனைக் காதில் வைத்துக் கரகரவென்று கேட்டால் கோளாறு லைனில் என்று அர்த்தம். விவரமான லைன்மேன் வந்தவுடன் எல்லா போன்களையும் கழற்றிவிட்டு, வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே மோடத்தை மாட்டிப் பார்ப்பார். அங்கே நிலையாக நின்றால் குற்றவாளி வீட்டு வயரிங் அல்லது ஸ்பிளிட்டர். நிற்காவிட்டால் 198-க்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆனால் செம்புக் கம்பிக்கு ஒரு பெருமை உண்டு. போனுக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்தே வரும். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அடையாறு பொங்கி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. கரண்ட் போனால் செல்போன் டவரும் எத்தனை நேரம் தாங்கும்? எக்ஸ்சேஞ்சும் கேபிளும் தண்ணீரிலிருந்து தப்பினால் அந்தப் பழைய போன் மட்டும், வீட்டில் விளக்கு எரியாவிட்டாலும் பேசும். மறு ஆண்டு டிசம்பர் 12-இல் வர்தா புயல் வந்து, மரங்களோடு மேலே ஓடிய கேபிள்களையும் இழுத்துப் போட்டுவிட்டது.

இப்போது கண்ணாடி இழை. களிம்பு ஏறாது, தூரத்தால் இப்படித் தேயாது. ஆனால் வீட்டில் கரண்ட் இல்லையென்றால் நெட்டும் இல்லை, அதில் வரும் லேண்ட்லைனும் இல்லை. இது முன்னேற்றம்தான், ஆனாலும் வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு இது சின்ன நஷ்டமில்லை. மத்திய அரசு ஓய்வூதியர்கள் வாழ்வுச் சான்று தருவது நவம்பரில். 2014 முதல் அதை வீட்டிலிருந்தே ஜீவன் பிரமாண் வழியாகத் தரலாம். நவம்பர் என்றால் நமக்கு அடைமழைக் காலம்! யார் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தார்களோ, அவர் வடகிழக்குப் பருவமழையை அறியாதவர்.

பெட்டியில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளியே வரவில்லை. இழை எங்கோ அறுந்திருக்கும், அல்லது பீரோவுக்குப் பின்னால் ஒடுங்க மடிந்திருக்கும். அதைப் பிடித்து இழுக்காதீர்கள். சிவப்பு இல்லாமலே நெட் போய்ப் போய் வந்தால், லேப்டாப்பை லேன் வயரில் நேராக மாட்டிப் பாருங்கள். அதில் ஒழுங்காக ஓடினால் வைஃபைதான் காரணம், பெட்டியை நடு ஹாலுக்கு மாற்றலாம். பெட்டிக்கேற்ற வோல்டேஜில் (பெரும்பாலும் 12 வோல்ட்) ஒரு மினி யு.பி.எஸ். வாங்கி வைத்தால், தெருவில் இழை அறாதவரை, கரண்ட் போனாலும் சில மணி நேரம் ஓடும். எத்தனை மணிக்குக் கட் ஆனது, எந்த விளக்கு என்ன நிறம் என்று காலண்டர் தாளின் பின்புறம் குறித்து வையுங்கள். புகார் கொடுக்கும்போது அவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.